ஏழு மட்டை போதும்: புதிதாகக் கோல்ஃப் பழகுபவரின் பைக்கு ஒரு வழிகாட்டி

டொரொன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான், திரும்பிப் போகும்போது ஒரு கோல்ஃப் பையை எங்கள் விறாந்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். விமானத்தில் கொண்டுபோக எடை இடம் தரவில்லை. உள்ளே பதினான்கு மட்டைகள். எதை எதற்கு எடுப்பது என்று சொல்லித்தர மட்டக்களப்பில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பதினான்கையும் தூக்கிக்கொண்டு வவுணதீவுப் பக்கம் எங்கள் வட்டைக்குப் போய், பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த வெறும் வயலில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து என் பையில் மிஞ்சியவை ஏழு. அந்த ஏழும் எப்படித் தேர்ந்தன என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற பை வைத்திருப்பவருக்கும், பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஹோட்டல் வேலையில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தில் ஆசை வைத்தவருக்கும் இது பயன்படும்.

மைதானம் எங்கே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையினர் நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ். ஏ15 வீதியால் வாழைச்சேனை தாண்டி நேரே வடக்கே போக வேண்டும். மற்றவை தொலைவு: 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகம், 1889இல் தொடங்கிய நுவரெலியா, கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா, தெற்கே அம்பாந்தோட்டை. ஆகவே வருடத்துக்கு நான்கு நாள் மைதானம், மிச்ச நாளெல்லாம் வயலும் கடற்கரையும் என்ற கணக்கில் பழகுகிறவருக்கு ஏற்ற பைதான் நமக்கு வேண்டும்.

படி 1: மட்டைகளை இனம் காணுங்கள்

பையில் ஆறு வகை இருக்கும். மிக நீளமான தண்டும் பருத்த தலையும் கொண்டது டிரைவர். அதன் தம்பிகள் ஃபேர்வே வுட். பெயரில் மரம் இருந்தாலும் இப்போது தலை உலோகம்தான். மெல்லிய இரும்புத் தகடு போன்ற தலை உள்ளவை அயன். அடியில் இலக்கம் பொறித்திருக்கும். வுட்டுக்கும் அயனுக்கும் பிறந்த பிள்ளை ஹைபிரிட். அதிகம் மல்லாந்த முகம் கொண்ட குட்டை மட்டைகள் வெட்ஜ். கடைசியாக, பந்தை உருட்டிக் குழியில் விழுத்தும் மட்டை. அதை உச்சரிக்கும்படி எழுதினால் பாணில் பூசுகிற பட்டர் ஆகிவிடும் என்பதால் நான் புட்டர் என்றே எழுதுகிறேன்.

இவற்றை வேறுபடுத்துவது இரண்டே விடயங்கள்: முகத்தின் சாய்வு, தண்டின் நீளம். முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ பந்து அவ்வளவு உயரே எழும்பும். அவ்வளவு கிட்ட விழும். தண்டு நீள நீளத் தலை வேகமாகச் சுழலும்; கூடவே தவறும் பெருகும். டிரைவரின் சாய்வு பெரும்பாலும் 9 முதல் 12 பாகை. 5 வுட் 18 பாகை அளவில், 7 வுட் 21 அளவில், 5 ஹைபிரிட் 25ஐ அண்டி, 7 அயன் 30க்கும் 35க்கும் இடையில், மணற்குழியிலிருந்து பந்தைக் கிளப்பும் சாண்ட் வெட்ஜ் 54 முதல் 56 வரை. அந்த மணற்குழியை ஆட்டக்காரர்கள் பங்கர் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல் வேறு நினைவுகளைக் கிளறும் என்பதால் மணற்குழி என்றே வைத்துக்கொள்வோம்.

படி 2: மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள்

7 அயன், சாண்ட் வெட்ஜ், புட்டர். மிச்சத்தை வீட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

7 அயன் நடுத்தர நீளம், நடுத்தரச் சாய்வு. அதில் கை பழகினால் மேலேயும் கீழேயும் உள்ள மட்டைகள் கூடவே வரும். சாண்ட் வெட்ஜை மணலுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஐம்பது மீற்றருக்கு உட்பட்ட பாதி வேலையை அதுதான் செய்யும். நமக்கு இன்னொரு வசதி, பழகுவதற்கு மணல் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லடியில் விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் கரைவலைக்காரரைத் தவிர அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். அவர்களிடமிருந்து நன்றாக விலகி நின்று, மணலை மட்டும் பறக்கவிட்டுப் பழகலாம்.

புட்டரை அலட்சியம் செய்கிறவர்களே அதிகம். பதினெட்டுக் குழியையும் நல்ல ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய கணக்கு 72 முறை அடித்தல் என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் புட்டருக்கென்று வைத்தே அந்தக் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. சரி பாதி. அதற்கு மைதானமும் வேண்டாம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், ஒரு பால்மா டின்னைப் படுக்கவைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. வீட்டுச் சீமெந்துத் தரையில் இரவில் உருட்டலாம். சீமெந்தில் பந்து புல்லை விட வேகமாக ஓடும், அதை மட்டும் மனதில் வையுங்கள். புட்டர் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். பந்தின் பின்னால் வைத்துக் குனிந்து பார்க்கையில் மேலே உள்ள கோடு இலக்கை நோக்கி நேராகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

படி 3: அளந்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று மட்டையிலும் பந்து ஓரளவு நேரே போகத் தொடங்கியதும் பூட்டிவைத்த மற்றவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது பந்து அடியுங்கள். மிக மோசமான ஐந்தையும் மிகச் சிறந்த ஐந்தையும் கழித்துவிட்டு, நடுவில் உள்ள பத்தும் எங்கே விழுந்தன என்று பாருங்கள். சிறந்ததைக் கழிக்கச் சொல்வது வலிக்கும். ஆனால் மைதானத்தில் உங்கள் கையில் வரப்போவது அந்த நடுத்தர அடிதான்.

தூரம் அளக்கக் கருவி வேண்டாம். பத்து மீற்றரை நாடாவால் அளந்து, அதை எத்தனை எட்டில் நடக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டால் போதும். காய்ந்த வயலில் பந்து விழுந்த பிறகும் ஓடும். வெட்டிய நெல் தாளில் பட்டுத் திசை மாறும். ஆகவே விழுந்த இடத்தையே கணக்கில் எடுங்கள். என் மருமகன் வாடி நிழலில், பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து கூவிச் சொல்லுவான். ஒருபோதும் ஆளை எதிரே நிறுத்தாதீர்கள். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி; எடை சிறிதுதான், பட்டால் மண்டை உடையும். மாடு மேய்கிற வயலிலும் அடிக்கக் கூடாது. அம்பாறைப் பக்கம் காட்டோர வயலில் பழகுகிறவர்கள், பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடுங்கள். அந்த நேரத்து வயல் யானைக்குச் சொந்தம்.

என் கொப்பியில் அன்று எழுதியது இது: சாண்ட் வெட்ஜ் 50 மீற்றர். 9 அயன் 90. 8 அயன் 100. 7 அயன் 110. 6 அயன் 114. 5 அயன் 112. 4 அயன் 105.

கடைசி மூன்றையும் மறுபடி பாருங்கள். 4 அயன், 7 அயனைவிடக் கிட்ட விழுகிறது. நான் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்து மறுநாளும் அளந்தேன், அதே கதை. காரணம் எளிது. சாய்வு குறைந்த மட்டை பந்தை உயர்த்த வேண்டுமென்றால் சுழற்றும் வேகம் அதிகம் வேண்டும். தொடக்கக்காரரிடம் அந்த வேகம் இல்லை. பந்து போதிய உயரம் எழும்பாமல் சீக்கிரமே மண்ணைத் தொட்டுவிடுகிறது. ஒரே தூரத்துக்கு நான்கு மட்டைகளை நான் சுமந்துகொண்டிருந்தேன்!

படி 4: இடைவெளி இருக்கும் இடத்துக்கு மட்டும் மட்டை சேருங்கள்

கொப்பியைப் பார்த்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானே தெரியும். பக்கத்து மட்டைகள் இரண்டுக்கு இடையே பத்து மீற்றருக்குக் குறைவான வித்தியாசம் என்றால் ஒன்றைக் கழியுங்கள். பத்தே மீற்றர் என்றாலும், தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் போதும். 7 அயனும் 9 அயனும் இருந்தால், 8 அயனுக்குரிய தூரத்தை 7 அயனைச் சற்றுக் கீழே பிடித்து அடிக்கலாம். என் 4, 5, 6, 8 அயன்கள் இப்படித்தான் வெளியே போயின. 3 அயன் அளப்பதற்கே தகுதி பெறவில்லை.

என் கணக்கில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்று 50க்கும் 90க்கும் நடுவே. அங்கே, 9 அயனுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடைப்பட்ட சாய்வுள்ள பிட்சிங் வெட்ஜ் வந்து உட்கார்ந்தது. மற்றது 110க்கு மேலே. அங்கே அயன் எதுவும் உதவாது என்று கண்டாயிற்று. 5 ஹைபிரிட்டை எடுத்தேன். அதன் தலை பின்பக்கம் அகன்று, பாரம் அடியில் தாழ்ந்திருக்கும். அதனால் அதே மந்தமான கைக்கும் பந்து எழும்பும். அது 125 போயிற்று. அதற்கும் மேலே 7 வுட், 140.

இப்போது எண்ணுங்கள்: 7 வுட், 5 ஹைபிரிட், 7 அயன், 9 அயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், புட்டர். ஏழு.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். வலைப்பந்தும் எல்லேயும் ஆடி வளர்ந்த ஒரு பிள்ளை என்னைவிடத் தூரம் அடிப்பாள். அவளுக்கு 6 அயன் பயன்படலாம். என் பட்டியலை அப்படியே எடுக்காமல் அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் எங்கே என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், வாங்குவதும் அதைத்தான். பதினான்கிலும் நீளமானது, புட்டரை விட்டால் சாய்வு மிகக் குறைந்தது, பந்து பக்கவாட்டில் வளைந்து போவது அதில்தான் அதிகம். 7 வுட்டில் பத்துக்கு ஏழு பந்து நேரே போகும் நாள் வரட்டும். அப்போதும் 12 பாகைக்குக் குறையாத டிரைவராகப் பாருங்கள். இதே காரணத்துக்காக 3 வுட்டையும் தள்ளிவையுங்கள். 60 பாகை வெட்ஜும் இப்போது வேண்டாம். 60 பாகை வெட்ஜ் பந்தின் அடியில் நழுவிப் போய், பந்து நின்ற இடத்திலேயே துள்ளி விழுகிற வேடிக்கையை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இலக்கத்தை நம்பாதீர்கள், சாய்வைப் பாருங்கள்

கலந்து கிடைத்த மட்டைகளில் எல்லோரும் ஏமாறும் இடம் இது. பழைய தொகுதிகளில் 7 அயனின் சாய்வு 35 பாகை அளவில் இருக்கும். இப்போது வரும் சிலவற்றில் 29, 30. கம்பனிகள் தங்கள் 7 அயன் தூரம் போகிறது என்று காட்டுவதற்குச் சாய்வை வருடாவருடம் நிமிர்த்திக்கொண்டே வந்தன. அடியில் பொறிக்கும் இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. ஆகவே ஒருவர் தந்த பழைய 6 அயனும் இன்னொருவர் தந்த புதிய 7 அயனும் ஒரே மட்டையாக இருக்கலாம். இரண்டையும் தண்டு செங்குத்தாக நிற்கும்படி பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, முகங்களை ஓரமாக நின்று பாருங்கள், கண்ணுக்கே தெரியும். புதிய தொகுதி என்றால் பிட்சிங் வெட்ஜ் 44 பாகைக்கு இறங்கி, அதற்கும் 56 பாகை சாண்ட் வெட்ஜுக்கும் இடையே பெரிய ஓட்டை விழும். அப்போது 50 பாகை வெட்ஜ் ஒன்று எட்டாவதாக வரலாம். அதையும் கொப்பியே சொல்லும்.

வெட்ஜில் இன்னொரு எண்ணும் உண்டு. அடிப்பாகம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதற்கான பாகை. 10க்கு மேல் என்றால் மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரையுள்ள கடலோர மணலில் பழகுகிறவருக்கு அது நல்லது. ஆவணி வெயிலில் ஓடு போல இறுகிய வயலில் அதே புடைப்பு தரையில் தட்டித் துள்ளிப் பந்தின் உச்சியில் போய் அடிக்கும். 10 முதல் 12 வரை இரண்டுக்கும் சமாளிக்கும்.

படி 5: பழைய மட்டையைச் சோதித்துப் பார்க்கும் விதம்

கழித்த மட்டைகளுக்குப் பதிலாக 7 வுட் ஒன்றை நான் முதலில் கொழும்பில் பாவித்த பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். பளபளவென்றிருந்தது. வயலில் நான்காவது அடியில் தண்டு என் கையிலும் தலை வானத்திலுமாகப் போயிற்று. பந்து அப்படியே முளைக்குச்சியில் உட்கார்ந்திருந்தது. தலையை வாய்க்கால் ஓரம் தேடி எடுத்துப் பார்த்தால், தண்டு செருகியிருந்த துளைக்குள் பசை வெள்ளைத் தூளாகப் பொரிந்து கிடந்தது. ஒருவருக்கும் படவில்லை என்பதே புண்ணியம்.

அதற்குப் பிறகு வாங்குமுன் இவ்வளவும் செய்கிறேன். தலையை ஒரு கையாலும் தண்டை மறுகையாலும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குவேன். இம்மியும் அசையக் கூடாது. காதருகே வைத்து ஆட்டுவேன். உள்ளே கலகலத்தால் பசை உடைந்திருக்கிறது. உருக்குத் தண்டில் நெளிவு இருந்தால் வேண்டாம். மேலோட்டமான துருவுக்குப் பயமில்லை, விரல் பட்டால் குழி தட்டுகிற துரு வேண்டாம். கிராஃபைட் தண்டு என்றால் பஞ்சை மேலிருந்து கீழாக உருவினால் வெடிப்பில் இழை சிக்கும். முகத்தில் உள்ள கோடுகளில் நகம் மாட்ட வேண்டும். கைப்பிடி ரப்பர் இறுகிப் பளபளத்திருந்தாலும், பிசுபிசுத்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அது மாற்றக்கூடியதுதான்.

அயனின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். குழிந்து, பாரம் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டிருந்தால் எடுங்கள். பந்து முகத்தின் நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாமல் தாங்கும். பிங் கம்பனியைத் தொடங்கிய பொறியியலாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் ஓர விளிம்புகளுக்குப் பாரத்தைத் தள்ளும் இந்த எண்ணத்தை முதலில் புட்டரில் செய்து காட்டினார், பிறகு அயன்களுக்குக் கொண்டுவந்தார். முதுகு தட்டையாக வழவழவென்றிருக்கும் மட்டைகள் பார்க்க அழகு. பந்து நடுவில் படாவிட்டால் கை மணிக்கட்டு வரை விறைக்கும்.

படி 6: உடலுக்குப் பொருந்துகிறதா?

சப்பாத்தோடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 34 முதல் 37 அங்குலம் வரை என்றால் வழக்கமான நீளம் சரி. அதற்குக் கீழே என்றால் அரை அங்குலம், ஓர் அங்குலம் குறைந்தவை தேவைப்படலாம். பெண்களுக்கான தொகுதிகள் ஓர் அங்குலம் குட்டையாகவும் தண்டு இலேசாகவும் இருக்கும். உயரமான பெண்ணுக்கு அது பொருந்தாது, குள்ளமான ஆணுக்கு அது பொருந்தும். பெயரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். பெரியவர் மட்டையை அறுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது மட்டும் தவறு. தலை பாரமாகவே இருக்கும், பிள்ளையின் முதுகு வளையும்.

தண்டில் ஆங்கில எழுத்தொன்று இருக்கும். ஆர் என்றால் வழக்கமான வளைவு. பெரும்பாலான ஆண்கள் அதில் தொடங்கலாம். எஸ் என்றால் விறைப்பு, வேகமான கைக்கு. எல் மிக நெகிழ்வு. ஐம்பது தாண்டியவர்களும் தோளில் நோவு உள்ளவர்களும் இலேசான கிராஃபைட் தண்டைப் பாருங்கள்.

இடக்கை விடயத்தில் அவசரப்படாதீர்கள். எழுதுவது எந்தக் கை என்பது முக்கியமில்லை. கிரிக்கெட்டில் இடப்பக்கம் நின்று அடிக்கிறவருக்குக் கோல்ஃபும் அப்படியே வரக்கூடும். பில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றுக்கும் வலக்கைக்காரர். கோல்ஃபை மட்டும் இடப்பக்கம் நின்று ஆடிப் பெயர் பெற்றார். ஆனால் பாவித்த இடக்கை மட்டை நம் நாட்டில் எளிதில் அகப்படாது. இரண்டு பக்கமும் வருமென்றால் வலப்பக்கம் பழகுங்கள்.

படி 7: வெளிநாட்டில் இருப்பவருக்குச் சொல்லி அனுப்பும்போது

"கோல்ஃப் செட் ஒன்று கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் பதினான்கு மட்டையும் வரும், எடைக்குக் காசும் போகும். இப்படிச் சொல்லுங்கள்: வலக்கை, ஆர் தண்டு, முதுகு குழிந்த 7, 9 அயன்கள், அதே தொகுதியின் பிட்சிங் வெட்ஜ், 56 பாகை சாண்ட் வெட்ஜ், 5 ஹைபிரிட், 7 வுட், ஒரு புட்டர். கனடாவிலும் லண்டனிலும் பழைய பொருள் கடைகளில் இவை தனித்தனியாகவே கிடைக்கும். ஏழும் சேர்ந்து மூன்று கிலோ அளவில்தான் வரும். தலைகளைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் மூலைவாட்டில் வைத்தால் பெரும்பாலானவை அடங்கும்.

மைதானத்துக்குப் போகுமுன்

ஏழோடு போனால் மற்றவர் சிரிப்பார்களோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. சிக் எவன்ஸ் 1916இல் அமெரிக்க ஓப்பனை வென்றது ஏழு மட்டையோடு. பதினான்கு என்பது உச்ச வரம்பு. ஆட்டக்காரர்கள் இருபது, முப்பது என்று சுமக்கத் தொடங்கியதால் 1938இல் அமெரிக்காவில் போடப்பட்ட கட்டுப்பாடு. போட்டியில் அதைத் தாண்டினால், தண்டனையாக உங்கள் அடிகளின் கணக்கு கூட்டப்படும். குறைவாகக் கொண்டுபோவதற்குத் தடை இல்லை. ஆனால் நண்பர்கள் இருவர் ஒரே பையைப் பகிர்ந்து ஆடலாமா, வாடகைக்கு மட்டை உண்டா, கழுத்துப்பட்டி வைத்த சேட்டு கட்டாயமா என்பதையெல்லாம் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். திருகோணமலை பஸ்ஸில் ஏழு மட்டைப் பையை மடியில் சாய்த்துக்கொண்டு போகலாம். பதினான்கு என்றால் கண்டக்டர் ஆளுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கிழிப்பார்.

நம் ஊரில் மட்டைக்குப் பெரிய எதிரி உப்புக் காற்று. சைக்கிள் ரிம்மைத் தின்கிற அதே காற்று. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, தையல் மெசின் எண்ணெயை உருக்குத் தண்டில் மெல்லப் பூசுங்கள். கைப்பிடியில் படக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் பையை விட்டுவிடாதீர்கள், தலையை ஒட்டிய பசைக்கு அந்தச் சூடு ஆகாது.

மச்சான் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மிச்ச மட்டைகள் எங்கே என்று கேட்டார். அயன்களைக் கட்டிலின் கீழே இருந்து எடுத்துக் காட்டினேன். 3 அயன் மட்டும் அங்கே இல்லை. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால், அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து முருங்கைக் கிளையை இழுத்துக்கொண்டு நின்றார்.